வெறும் சட்டி திரும்பிப் போகக்கூடாது: மாடும் கோழியும் தோட்டமும் உள்ள வீட்டில் தினமும் நன்றி சொல்லும் முறை

எங்கள் பக்கம், அதாவது காங்கேயம் தாராபுரம் பகுதியில், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சட்டியில் குழம்பு வந்தால் அந்தச் சட்டியை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு கை அவரைக்காய், நாலு எலுமிச்சம்பழம், வீட்டில் எதுவுமே இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சின்ன வயதில் கழுவிய சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வாசலைத் தாண்டினால் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, திண்ணையிலிருந்தே கூப்பிடுவார். "ஏங்கண்ணு, வெறுஞ்சட்டியவா கொண்டு போறே? இங்க வா." அப்புறம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த எதையாவது சட்டியில் போட்டு அனுப்புவார். நன்றி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

திருப்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, தினமும் மூன்று விஷயங்களுக்கு நன்றி எழுதினால் மனசு நன்றாக இருக்கும் என்று எங்கேயோ படித்து ஒரு நோட்டு வாங்கினேன். மழைக்கு நன்றி, மாட்டுக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி. மறுநாளும் அதேதான். பத்து நாளில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, கை எழுதிக்கொண்டிருக்கும், நினைப்பு வேறெங்கோ இருக்கும். நிறுத்திவிட்டேன். சில மாதம் கழித்து ஒருநாள் பக்கத்து வீட்டுச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு அதில் என்ன போடலாம் என்று தோட்டத்தைச் சுற்றி வந்தபோதுதான் என் நோட்டில் என்ன குறை என்று புரிந்தது. வந்ததை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன், போனதை எழுதவே இல்லை. அன்றிலிருந்து முறையை மாற்றினேன். இப்போது நாலு வருடமாக விடாமல் நடக்கிறது. இரண்டு பேர் கேட்டதால் இதை எழுதுகிறேன், உங்கள் வீட்டில் ஒரு மாடும் பத்து சென்ட் தோட்டமும் இல்லாமல் இரண்டு கோழியும் நாலு தொட்டியும்தான் இருக்கிறது என்றாலும் இது ஆகும்.

நோட்டை எப்படி வைப்பது

சாதாரண 80 பக்க நோட்டு போதும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் "வந்தது", வலப்பக்கம் "போனது". இடப்பக்கத்தில் இன்று எனக்குக் கிடைத்த ஒன்றை எழுத வேண்டும், யாரிடமிருந்து, எப்போது என்பதோடு. வலப்பக்கத்தில் அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். செய்யவில்லையா, வலப்பக்கத்தை அப்படியே காலியாக விடுங்கள், சப்பைக்கட்டு எழுத வேண்டாம். அந்தக் காலி இடம் மறுநாள் நோட்டைத் திறக்கும்போது கண்ணில் குத்தும், அதுவே போதுமான ஞாபகமூட்டல். செய்த பிறகு தேதி போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். மூன்று எழுத வேண்டும் என்று கணக்கு வைத்தால் மூன்றாவது எப்போதும் ஒப்புக்குத்தான் வரும்.

இடப்பக்கம் எழுதுவதில் ஒரே ஒரு விதி: எழுதியது நேற்றைக்கும் பொருந்துமானால் அது இன்றைய குறிப்பு ஆகாது. "மாடு பால் கொடுத்தது" என்பது எல்லா நாளுக்கும் பொருந்தும். "இடியில் எல்லா மாடும் கயிற்றை இழுத்தபோது பெரிய பசு மட்டும் கன்றுக்கு முன்னால் போய் நின்றது" என்பது ஒரு நாளுக்குத்தான் பொருந்தும். இந்த விதியால்தான் பகலெல்லாம் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்கப் பழகினேன்.

எழுதும் நேரம் பற்றி ஒன்று. படுக்கப் போகும்போது எழுதாதீர்கள், தோட்ட வேலை பார்த்த உடம்புக்குத் தலையணை கண்டதும் தூக்கம்தான். நான் சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து, மாட்டுக்குக் காய்ந்த சோளத்தட்டு போட்டுவிட்டு, கட்டுத்தறித் திண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டும் அங்கேயே ஆணியில் தொங்குகிறது, பேனா நூலில் கட்டியிருக்கிறது. வீட்டுக்குள் வைத்தால் தேடி எடுக்கவே மனம் வராது.

மாட்டுக்கு

எங்களிடம் ஒரு காங்கேயம் பசுவும் ஒரு கலப்பின மாடும் உண்டு. பால் கணக்கு மட்டும் பார்த்தால் காங்கேயம் மாடு வைப்பது நஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும். ஆனால் அது கொறங்காட்டில், அதாவது எங்கள் மேய்ச்சல் நிலத்தில், காய்ந்த புல்லை மேய்ந்து, வெயிலைத் தாங்கி, பெரிய வைத்தியச் செலவு வைக்காமல் வாழ்கிறது. அதன் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும், ஆறு மாத வாக்கில் அந்தச் செம்மை கரைந்து சாம்பல் நிறம் ஏறும். முகத்தில் முதலில் எந்த இடத்தில் நிறம் மாறியது என்று இரண்டு கன்றுகளுக்கு என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால், அந்தக் கன்றை நான் தினமும் பார்த்தேன் என்பதற்கு அது சாட்சி.

தினமும் கறப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மூக்குநுனி ஈரமாக இருக்கிறதா, படுத்த மாடு அசை போடுகிறதா, சாணி எப்படி இருக்கிறது, மடியைத் தொட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சூடாக இருக்கிறதா. பிறகு ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் தட்டில் தனியாகப் பீச்சிப் பாருங்கள், திரி திரியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோயின் அறிகுறி. போன வருடம் ஒருநாள் கலப்பின மாட்டுக்கு இப்படித்தான் ஒரு காம்பில் சின்னத் திரி தெரிந்தது. மடி வீங்கவில்லை, மாடு நன்றாகத்தான் தின்றது. அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டதால் காம்பு தப்பியது. இரண்டு நாள் கழித்து வீக்கத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தால் அந்தக் காம்பு போயிருக்கலாம். மாட்டுக்கு நாம் கொடுக்கக்கூடியதில் முதலாவது இந்தக் கவனிப்பு, அகத்திக்கீரையும் வாழைப்பழமும் அதற்குப் பின்னால்தான்.

இரண்டாவது தண்ணீர். கறவை மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கழனித்தண்ணியோடு காட்டிவிட்டுப் போதும் என்று இருந்துவிடுகிறோம். தொட்டியைக் கழுவி நிழலில் எப்போதும் நல்ல தண்ணீர் நிற்கும்படி வைத்தால் வேறு எதையும் மாற்றாமலே மாடு தெளிச்சியாவதைப் பார்க்கலாம். "போனது" பக்கத்தில் "தொட்டி கழுவினேன்" என்று நான் நிறைய எழுதியிருக்கிறேன்.

அப்புறம் சீம்பால். மாடு கன்று போட்டதும் சீம்பாலில் முதல் உரிமை கன்றுக்குத்தான். பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முதல் தடவை ஊட்டிவிட வேண்டும், முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது உள்ளே போயிருக்க வேண்டும். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் நாளில்தான் நன்றாக இழுத்துக்கொள்ளும், நேரம் போகப் போகக் கதவு மூடிவிடும். கன்று குடித்த பிறகு மிச்சமிருப்பதைத் தெருவில் நாலைந்து வீட்டுக்குக் கொடுங்கள். எங்கள் தெருவில் சீம்பாலுக்கு யாரும் காசு வாங்குவதில்லை. கருப்பட்டியும் ஏலக்காயும் தட்டிப்போட்டு வேகவைத்து இறக்கினால் கட்டியாக நிற்கும், அந்தக் கிண்ணமும் வெறுமையாகத் திரும்பி வராது.

கோமாரித் தடுப்பூசி ஆண்டுக்கு இருமுறை போடுகிறார்கள், அந்த நாளைத் தவறவிடாதீர்கள். பட்டிப் பொங்கல் அன்று, அதாவது மாட்டுப் பொங்கலுக்கு, கொம்புக்கு வர்ணம் அடித்து, சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, மாட்டை அதைத் தாண்டவிட்டு எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம். எனக்கும் அது வருடத்தில் ரொம்பப் பிடித்த நாள். தடுப்பூசி தேதியை மறந்துவிட்டு அந்த நாளைக் கொண்டாட மனம் ஒப்பவில்லை, அதனால் ஊசித் தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

கோழிக்கு

நாட்டுக்கோழி ஒரு பருவத்துக்குப் பத்து பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். முட்டை எடுக்கும்போது எல்லாவற்றையும் வழித்து எடுக்கக்கூடாது, ஒன்றை விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் அது இடத்தை மாற்றி, வைக்கோல் போருக்குள் எங்காவது போய் இட ஆரம்பித்துவிடும். பென்சிலால் ஒவ்வொரு முட்டையிலும் தேதி எழுதி வைத்தால் அடை வைக்கும்போது புதிய முட்டைகளாகப் பொறுக்கலாம். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு போதும், அதற்கு மேல் இறக்கைக்குள் அடங்காது.

அடைக்கோழியைப் போல ஒரு உழைப்பை நான் பார்த்ததில்லை. 21 நாள். ஒரு நாளைக்கு ஒருமுறை இறங்கும், அவசரமாகக் கொத்தும், தண்ணீர் குடிக்கும், மண்ணில் புரளும், ஓடிப்போய் மறுபடி உட்காரும். மற்ற நேரமெல்லாம் அலகால் முட்டையைப் புரட்டிப் புரட்டிச் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும், நெஞ்சில் முடி உதிர்ந்து தோல் முட்டையில் படும். அது இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நாம் செய்ய வேண்டியது, கம்பும் தண்ணீரும் கூடைக்குப் பக்கத்திலேயே வைப்பது, நாயை அந்தப் பக்கம் விடாதது, கொஞ்சம் சாம்பல் கலந்த மண்ணைப் புரள்வதற்குக் குவித்து வைப்பது. ஏழாம் நாள் ராத்திரி இருட்டில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கரு பிடித்த முட்டையில் சிலந்திவலை போலச் சிவப்பு நரம்புகள் தெரியும். குழந்தைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். என் மகள் அதைப் பார்த்த அன்று நோட்டைப் பிடுங்கி அவளே எழுதினாள்: "வந்தது: முட்டைக்குள்ள சிவப்புக் கோடு. போனது: நான் சத்தம் போடல."

வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கட்டாயம், கோடைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோய் புகுந்தால் பட்டியையே காலி செய்துவிட்டுத்தான் போகும்.

தோட்டத்துக்கு

தோட்டத்தைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன், அதனால் மூன்று செடி மட்டும் சொல்கிறேன்.

பூசணி. கொடியில் முதலில் ஆண் பூக்கள்தான் வரும், பெண் பூ வர நாளாகும். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று முதலிலேயே இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாம். முதல் வருடம் இது தெரியாமல் பூவெல்லாம் உதிர்கிறதே, கொடி கெட்டுப்போச்சு என்று பிடுங்கிப் போட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பூ விடியற்காலையில் விரியும், உச்சி வெயிலுக்குள் வாடிவிடும், தேனீ வேலை செய்வது அந்த நாலைந்து மணி நேரத்துக்குள்தான். தேனீ குறைவாக வந்தால் காலை ஏழு மணிக்குள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். மூன்று நாளில் காய் பருக்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது.

அப்போது தேனீக்கு என்ன கொடுப்பது? காலையில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்க் கரைசல்கூடச் சாயங்காலம்தான். ஒரு தட்டில் கூழாங்கல் போட்டு, கல் முங்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள், தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும். கொத்தமல்லிப் பாத்தியில் ஒரு ஓரத்தைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். என் நோட்டில் "போனது: ஒரு முழம் கொத்தமல்லி" என்று எழுதினால் அதற்கு அர்த்தம் இதுதான்.

அவரை. ஆடியில் போட்டால் ஆவணி, புரட்டாசி முழுக்க இலையாகவே படரும், பந்தலை மூடும், ஒரு பூ இருக்காது. பகல் குறைந்து பனி இறங்க ஆரம்பித்த பிறகுதான் நாட்டு அவரை பூவெடுக்கும், மார்கழி தையில் காய்த்துத் தள்ளும். இடையில் பொறுமை இழந்து உரம் அள்ளிப் போட்டால் இன்னும் இலைதான் வரும். அந்த மாதங்களில் என் குறிப்பெல்லாம் "அவரை: இன்னும் இலைதான். நிழலில் கோழி படுத்திருக்கிறது" என்கிற மாதிரி இருக்கும். பூவுக்கு முன்னால் நிழலாவது வந்ததே.

பீர்க்கன். இது பூசணிக்கு நேர் எதிர், சாயங்காலம் பூக்கும். வேலை முடிந்து கை கால் கழுவிவிட்டு பீர்க்கன் பந்தலடியில் நில்லுங்கள், மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாக விரிவதைப் பார்க்கலாம். இதற்கு மேல் பீர்க்கனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நின்று பாருங்கள்.

மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க நான் செய்வது அமிர்தக் கரைசல். ஒரு கிலோ பச்சைச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், ஒரு கைப்பிடி வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர். கலக்கி நிழலில் ஒரு நாள் முழுக்க மூடி வைத்து, இடையில் இரண்டு மூன்று தடவை கிண்டிவிட்டு, பிறகு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வீண். மாடு கொடுத்தது செடிக்குப் போகிறது, களைப்புல்லும் பூச்சி விழுந்த கீரையும் மாட்டுக்குப் போகிறது, சில நாட்களில் எதை எந்தப் பக்கம் எழுதுவது என்றே தெரியாது.

கொறங்காட்டுக்கு வேறு கணக்கு. கிளுவை வேலி, வெள்ளவேல மரம், நடுவில் கொழுக்கட்டைப் புல், அவ்வளவுதான் எங்கள் மேய்ச்சல் நிலம். அதற்கு உரமும் கிடையாது, பாசனமும் கிடையாது. அது கேட்பது ஓய்வு. மழை பெய்து புல் துளிர்த்ததும் மாட்டை உள்ளே விட மனசு துடிக்கும், ஆனால் படலைச் சாத்திவிட்டுப் புல் வளர்ந்து விதை உதிர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் சோளத்தட்டு வாங்கிப் போடக் காசு செலவாகும். "போனது: படல் சாத்தியது, 23ஆம் நாள்" என்று எழுதிய பக்கம் ஒன்று இருக்கிறது, எனக்கு அந்த நோட்டிலேயே பிடித்த வரி அது.

பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ள இரண்டு

மழை அளப்பது. எங்கள் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது, வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் கிடைக்கும், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். அதனால் இங்கே ஒவ்வொரு மழையும் விருந்தாளி. நேராக நிற்கும் பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை, மரமும் சுவரும் இல்லாத வெட்டவெளியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சாயாமல் நிறுத்துங்கள். காலை எட்டரை மணிக்கு உள்ளே ஸ்கேலை விட்டு நிற்கும் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஒரு சென்ட் நிலத்தில் 400 லிட்டர், ஒரு ஏக்கரில் 40,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியில் வாங்கினால் நாலு லோடு! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு "சும்மா தூறிட்டுப் போச்சு" என்று என்னால் சொல்ல முடியவில்லை. மழைக்கு நாம் என்ன திருப்பிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். வரப்பை உயர்த்தலாம், ஓட்டுத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பலாம், காய்ந்த இலையை எரிக்காமல் செடியடியில் மூடாக்கு போடலாம். வந்த மழையை அடுத்த நிலத்துக்கு ஓடவிடாமல் நிறுத்துவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

பறவை பார்ப்பது. இதற்குக் காசு வேண்டாம், பைனாகுலர்கூட ஆரம்பத்தில் வேண்டாம். விடியும் முன்பே கத்துவது கரிச்சான், பகலில் மாட்டு முதுகில் உட்கார்ந்து பூச்சி பிடிப்பதும் அதுவே. உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியிலேயே நடக்கும், புல்லிலிருந்து எழும் வெட்டுக்கிளியைப் பிடிக்கும். குளிர்காலத்தில் வாலாட்டிக் குருவி வடக்கிலிருந்து வந்து வாய்க்கால் ஓரம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசிலடிக்கும் ஆறுமணிக்குருவியும் அந்தப் பருவத்தில் இந்தப் பக்கம் வந்து போகும். ஒவ்வொரு வருடமும் முதலில் பார்த்த தேதியை எழுதிவையுங்கள், மூன்றாம் வருடத்திலிருந்து நீங்களே எதிர்பார்க்க ஆரம்பிப்பீர்கள். பொங்கலை ஒட்டி நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, ஒரு இடத்தில் 15 நிமிடம் நின்று கண்ணில் பட்டதை எண்ணி இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும், வீட்டு வாசலில் நின்றுகூடச் செய்யலாம். பறவைக்குத் திருப்பிக் கொடுப்பது சுலபம். பயிரைவிட உயரமாக டி வடிவத்தில் குச்சி நட்டு வையுங்கள், கரிச்சான் அதில் உட்கார்ந்து புழுவைப் பார்த்துக்கொள்ளும். வேலியில் ஒரு பகுதியை வெட்டாமல் விடுங்கள். வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போடுங்கள், எறும்பும் குருவியும் வரும்.

மனிதர்களுக்கு

இதை நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். களை வெட்ட வரும் அக்காமார்களுக்கு நன்றி என்பது பொழுது சாய்வதற்குள் கையில் கூலி. "நாளைக்கு வாங்கிக்கோங்க" என்று அனுப்பிவிட்டு ராத்திரி நோட்டில் அவர்களுக்கு நன்றி எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுவது மேல். பதினொரு மணிக்குக் காபி, குடிக்க நல்ல தண்ணீர், உட்கார நிழல், வீட்டுக்குப் போகும்போது ஒரு பை கீரை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மழை வந்து பாதியில் வேலை நின்றால் பாதிக் கூலி கொடுப்பதா முழுசா என்பதைக் காலையிலேயே பேசிவிடுங்கள்.

விதை பகிர்வதும் இந்தக் கணக்கில் வரும். கத்தரியில் நல்ல செடியாகப் பார்த்து இரண்டு மூன்று காய்க்கு ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள், யாரும் பறிக்கக்கூடாது. அது முற்றி மஞ்சளானதும் அறுத்து, சதையைத் தண்ணீரில் கசக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். நிழலிலும் இளவெயிலிலும் காயவைத்து, சாம்பல் கலந்து, துணியில் முடிந்து காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடலாம். என்னிடம் இருக்கும் சுரை விதை பக்கத்து ஊர் ஆத்தா ஒருவர் கொடுத்தது. ஏழு விதை கொடுத்தார், இதுவரை பதினோரு வீட்டுக்குப் போயிருக்கிறது. அவருக்கு நேரில் ஒரு சுரைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, "வெதைக்கு ஒண்ணு உட்டிருக்கிறயா?" என்றுதான் கேட்டார்.

எழுத முடியாத நாள்

போன ஆனியில் ஒரே ராத்திரியில் கீரிப்பிள்ளை புகுந்து பதினோரு குஞ்சில் ஒன்பதைக் கொன்றுபோட்டது. தாய்க்கோழி இரண்டு நாள் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டது. அன்றைக்கு "மிச்சம் இரண்டாவது இருக்கிறதே" என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. என்னால் முடியவில்லை, நீங்களும் முயற்சி பண்ண வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினேன், ஒன்பது குஞ்சு போச்சு, கூண்டின் பின்பக்கம் கம்பிவலையில் நாலு விரல் இடைவெளி இருந்தது, அதை நான் பார்க்கவில்லை. "வந்தது" பக்கம் காலி. மறுநாள் வலை மாற்றினேன், அடியில் கல் புதைத்தேன், அது "போனது" பக்கத்தில் இருக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகுதான் அந்த இரண்டு குஞ்சுகளைப் பற்றி எழுத வந்தது. மழை பொய்த்த வருடமோ, வீட்டில் சாவோ, நோட்டை மூடி வைத்துவிட்டுத் தொட்டியை மட்டும் கழுவுங்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள். எழுத்து தானாகத் திரும்பி வரும் நாள் வரும்.

ஆரம்பிக்க நல்ல நாள் பார்க்க வேண்டாம். முதல் வாரம் ஒரே ஒரு உயிரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கோழியோ, ஒரு முருங்கை மரமோ, தெருநாயோ. ஏழு நாளும் அதைப் பற்றியே எழுதுங்கள், நேற்று எழுதியது இன்று வரக்கூடாது. மூன்றாம் நாள் எழுத ஒன்றும் இல்லை என்று தோன்றும். அப்போது போய் அதன் பக்கத்தில் உட்காருங்கள். நான் முதல் வாரம் எடுத்துக்கொண்டது வாசல் முருங்கை, மூன்றாம் நாள் அதன் அடியில் உட்கார்ந்தபோதுதான் பட்டையில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பிக்கிடந்ததைப் பார்த்தேன், மூன்று நாளாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் வலது பாதியில் "தீப்பந்தம் கட்டி இறக்கியது, மாலை ஏழு மணி" என்று இருக்கிறது, ஆவணியில் அந்த மரத்தில் பறித்த காய் தெருவில் எட்டு வீட்டுக்குப் போனது.